பொருளும் பண்டமும் ஒருங்கே பிறக்குமிடம்: கூட்டுப்பொருள் உற்பத்தியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மனிதகுல வரலாற்றின் தொடக்கப் பகுதியைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் எனப் பகுத்து நோக்குதல் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் மரபாகும். கோப்பன்ஹேகன் அரும்பொருளகத்தின் சேகரிப்புகளை ஒழுங்குபடுத்தும் பொருட்டு டென்மார்க் நாட்டவரான கிறிஸ்தியன் தொம்சன் வகுத்த இப்பாகுபாடு, ஒரு சமுதாயம் எப்பொருளால் தன் கருவிகளைச் செய்தது என்பதையே அச்சமுதாயத்தின் அடையாளமாகக் கொண்டது. இப்பாகுபாட்டின் பயனை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும், தனிப்பொருள்களின் பெயரால் காலங்களை அழைக்கும் இம்மரபில், இரண்டு பொருள்களைச் சேர்த்து மூன்றாவதொரு வலிமையை உண்டாக்கிய மனித முயற்சிகளுக்கு இடமில்லாது போயிற்று. கல்லும் உலோகமும் மண்ணுள் நிலைத்துக் கிடந்து அரும்பொருளகங்களை அடைந்தன. வைக்கோல் கலந்த மண்சுவரும், கொம்பும் தசைநாரும் ஒட்டிய வில்லும் பெரும்பாலும் மக்கி மறைந்தன. வரலாறு நிலைத்தவற்றையே பெரிதும் பேசியது.

கூட்டுப்பொருள் என்பது யாது? தம்முள் கரைந்து ஒன்றாகிவிடாது, தத்தம் இயல்பைக் கைவிடாது, ஒன்றையொன்று பற்றிநின்று, தனித்தனியே ஆற்ற முடியாத பணியைச் சேர்ந்து ஆற்றும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்களின் இணைப்பே கூட்டுப்பொருளாகும். வெண்கலத்தில் செம்பும் வெள்ளீயமும் உருகிக் கலந்து ஒன்றாகிவிடுகின்றன; ஆதலின் அது கலப்புலோகம், இங்குக் கருதும் கூட்டுப்பொருளன்று. கூட்டுப்பொருளில் பொதுவாக ஒன்று இழையாக நின்று சுமையைத் தாங்கும். மற்றது பிணைபொருளாக நின்று அவ்விழைகளைக் கட்டிக் காக்கும்.

இத்தொழிலுக்கும் பிற தொழில்களுக்கும் இடையே அடிப்படையானதொரு வேறுபாடு உண்டு. கொல்லனின் கைக்கு வருமுன்னரே இரும்பு இரும்பாக உள்ளது. தச்சன் தொடுமுன்னரே மரம் மரமாக நிற்கின்றது. அவர்கள் இருக்கும் பொருளுக்கு உருக்கொடுக்கின்றனர். கூட்டுப்பொருளால் படகு செய்வோனின் நிலை வேறு. படகு உருவாகும் அதே வேளையில்தான் படகின் பொருளும் உருவாகின்றது. அவனுடைய வேலைத்தலத்துக்கு வந்து சேர்வன இழைச் சுருளும் பிசின் பீப்பாவுமே. அவன் கைபட்ட பின்னரே வலிமை என்பது தோன்றுகின்றது. கைபிழைத்தால் தோன்றாமலே போகின்றது. பொருளும் பண்டமும் ஒருங்கே பிறக்கும் இவ்வியல்பை மனங்கொண்டு நோக்கின், கூட்டுப்பொருளின் வரலாறு கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாக மட்டுமன்றி, உற்பத்தி முறையினதும் உழைப்பினதும் வரலாறாகவும் விளங்கும்.

மண்ணும் வைக்கோலும், கொம்பும் நாரும்

ஈரமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். அதனுள் வைக்கோலை மிதித்துச் சேர்த்தால் வெடிப்பு பரவாது தடுக்கப்படும். பண்டைய எகிப்தியரும் மெசொப்பொத்தேமியரும் இவ்வுண்மையை அறிந்து கற்களை அறுத்தனர். விவிலியத்தின் யாத்திராகமம் கூறும் கதையொன்று இவ்விடத்து நோக்கத்தக்கது. செங்கல் அறுக்கும் அடிமைகளுக்கு வைக்கோல் வழங்குவதை நிறுத்திய மன்னன், அவர்களே அதனைத் தேடிக்கொள்ள வேண்டுமென்றும் கற்களின் தொகை குறையலாகாதென்றும் கட்டளையிட்டான் என்பது அக்கதை. வலுவூட்டும் இழை இல்லாமல் கல் இல்லை என்பதை ஆண்டவனும் அறிந்திருந்தான், உழைத்தவனும் அறிந்திருந்தான். வரிச்சுக் கட்டி அதன்மேல் மண் அப்பிய சுவர்கள் இலங்கையின் வன்னிக் கிராமங்களில் அண்மைக்காலம் வரை எழுப்பப்பட்டமை இதே நுட்பத்தின் நீண்ட ஆயுளைக் காட்டும்.

முற்காலக் கூட்டுப்பொருள் உற்பத்தியின் உச்சமெனக் கூறத்தக்கது ஆசியப் புல்வெளி மக்களின் வில்லாகும். வில்லை வளைக்கும்போது அம்பெய்வோனை நோக்கிய உட்பக்கம் நெருக்கப்படும்; இலக்கை நோக்கிய வெளிப்பக்கம் இழுக்கப்படும். நெருக்கலைத் தாங்குவதில் விலங்கின் கொம்பு சிறந்தது. இழுவையைத் தாங்குவதில் தசைநார் சிறந்தது. ஆகவே, நடுவே மெல்லிய மரத்தை வைத்து உட்புறம் கொம்பையும் வெளிப்புறம் நாரையும் விலங்குப் பசையால் ஒட்டினர். 1922இல் திறக்கப்பட்ட எகிப்திய மன்னன் துதன்காமனின் கல்லறையில் இத்தகைய விற்கள் காணப்பட்டன. அம்மன்னன் கி.மு. 14ஆம் நூற்றாண்டினன் என்பதிலிருந்து இந்நுட்பத்தின் பழைமை புலனாகும்.

இவ்வில்லின் செய்முறை பொறுமையைக் கோருவது. பசை உலரும் வேகம் காலநிலையைப் பொறுத்தது. ஒரு படை உலர்ந்த பின்னரே அடுத்த படை இடப்படும். நன்கு செய்த வில்லொன்று பயன்பாட்டுக்கு வர மாதங்கள் பல, சிலவிடத்து ஆண்டொன்றும் அதற்கு மேலும் சென்றன. அவசரப்பட்டுச் செய்த வில்லும் பொறுத்துச் செய்த வில்லும் பார்வைக்கு ஒன்றே. வேறுபாடு போர்க்களத்தில்தான் வெளிப்படும்.

வலிமையின் தோற்றுவாய்

கண்ணாடி எளிதில் உடைவது. அக்கண்ணாடியை இழையாக்கிப் படகு கட்டலாம் என்பது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். இம்முரணை விளக்கியவர் ஆங்கிலேயப் பொறியியலாளரான கிறிபித் ஆவார். 1921இல் வெளியான அவரது ஆய்வுரை, கண்ணாடியை மெல்லிய இழையாக நீட்ட நீட்ட அதன் வலிமை பன்மடங்கு பெருகுவதை எடுத்துக்காட்டிற்று. பொருள்கள் தம் இயல்பான வலிமைக்கு மிகக் குறைந்த சுமையிலேயே உடைவதற்குக் காரணம் அவற்றிலுள்ள நுண்ணிய வெடிப்புகளே என்பது அவர் கண்ட முடிபு. இழை மெல்லிதாகும்போது பெரிய வெடிப்புக்கு அதில் இடமில்லை.

ஆயினும் இழை மட்டும் போதாது. கயிற்றால் இழுக்கலாம், தள்ள முடியாது. ஒன்றோடொன்று உராயும் கண்ணாடி இழைகள் கீறுண்டு தம் வலிமையை விரைவில் இழந்துவிடும். இவ்விடத்திலேயே பிணைபொருள் இன்றியமையாததாகின்றது. அது இழைகளை அவற்றின் இடத்தில் நிறுத்துகின்றது. உராய்வினின்றும் நீரினின்றும் காக்கின்றது. ஓர் இழை அறுந்தால் அதன் சுமையை அயலிலுள்ள இழைகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. தனி இழையின் அழிவு முழுப்பொருளின் அழிவாகாமைக்கு இப்பகிர்வே காரணம்.

இயற்கையும் இம்முறையையே கையாண்டுள்ளது. பனைமரத்தின் குறுக்குவெட்டை நோக்குவோர், மென்மையான சோற்றினூடே கரிய நார்கள் பரந்து கிடப்பதையும், வெளிப்புறத்தில் அவை நெருங்கி வைரமாவதையும் காண்பர். காற்றில் வளையும் மரத்தின் வெளிப்புறமே மிகுந்த இழுவைக்கும் நெருக்கலுக்கும் உள்ளாவது. பனஞ்சிலாகைகள் அவ்வைரப் பகுதியிலிருந்தே பிளக்கப்படுகின்றன. நார் செல்லும் திசையில் அவை வலியன. குறுக்கே எளிதிற் பிளப்பன. கூட்டுப்பொருள் செய்வோன் முதலில் தீர்மானிக்க வேண்டுவதும் இதுவே: சுமை எத்திசையில் வரும், இழையை எத்திசையில் இடுவது?

பிசினின் வருகை

19ஆம் நூற்றாண்டில் இம்முயற்சிகள் புதிய வடிவம் பெற்றன. தென் பிரான்சைச் சேர்ந்த லம்போ என்பார் 1848இல் இரும்புக் கம்பி வலையின்மேல் சீமெந்துச் சாந்து பூசிச் சிறு படகொன்றைச் செய்தார். அது 1855ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. 1867இல் மொனியே என்னும் தோட்டக்காரர் கம்பியால் வலுவூட்டிய சீமெந்துப் பூச்சாடிகளுக்கு உரிமை பெற்றார். இன்று உலகெங்கும் எழும் கட்டடங்களுக்கு ஆதாரமான வலுவூட்டிய கொங்கிறீற்றின் தொடக்கங்கள் படகும் பூச்சாடியுமே என்பது சுவையானதொரு செய்தி.

நவீன கூட்டுப்பொருளுக்கு வழிதிறந்தது செயற்கைப் பிசினாகும். பெல்ஜியத்திற் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த பேக்லண்ட் 1907இல் பீனோலையும் போமல்டிகைட்டையும் சேர்த்துப் பேக்லைற்று என்னும் பிசினை உருவாக்கினார். முதலில் பாகாக இருந்து, வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் இறுகியபின் மீண்டும் உருகாமை இதன் சிறப்பு. கடதாசியையும் துணியையும் இப்பிசினில் தோய்த்து அடுக்கி அழுத்தியபோது மின்கைத்தொழிலுக்கு வேண்டிய உறுதியான தகடுகள் கிடைத்தன.

இரண்டாம் உலகப் போர் இவ்வளர்ச்சியைத் துரிதப்படுத்திற்று. 1940 நவம்பர் 25இல் முதன்முதலாகப் பறந்த பிரித்தானியாவின் மொஸ்கிற்றோ விமானம் இங்குக் குறிப்பிடத்தக்கது. மிக இலேசான பல்சா மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் மெல்லிய ஒட்டுப்பலகையை ஒட்டிச் செய்த உடலைக் கொண்டது அது. உடல் இரு பாதிகளாக அச்சின்மேல் உருவாக்கப்பட்டு, உள்வேலைகள் முடிந்தபின் இணைக்கப்பட்டது. அலுமினியமும் உலோகத் தொழிலாளரும் தட்டுப்பட்ட காலத்தில், தளபாடமும் பியானோவும் செய்துவந்த தச்சர் விமானம் செய்தனர்.

ஆயினும் 1944இல் இந்தியாவிலும் பர்மியப் போர்முனையிலும் பணியாற்றிய சில விமானங்களின் மரப்பாகங்கள் இணைப்பு விட்டன; விபத்துக்கள் நேர்ந்தன. பசையின் தன்மை, பருவமழைக் காலத்து ஈரம் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. பின்னர் நடந்த விசாரணை உற்பத்திக் குறையையே காரணமெனக் கண்டது. ஒட்டிய இடத்தின் உள்ளே என்ன நிகழ்ந்தது என்பதை ஒட்டியவன் அன்றி வேறெவரும் காணவில்லை.

கண்ணாடி இழையும் கைவேலையும்

1932இல் ஐக்கிய அமெரிக்காவின் ஓவன்ஸ்-இலினோய் கண்ணாடித் தொழிற்சாலையில் கிளெய்ஸ்ற் என்னும் இளம் ஆய்வாளர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்ட முயன்றபோது, உருகிய கண்ணாடிமீது பாய்ந்த காற்று அதனை மெல்லிய இழைகளாகச் சிதறடித்தது. தற்செயலான இந்நிகழ்ச்சியைச் சிலேற்றர் என்பார் உற்பத்தி முறையாக வளர்த்தார். 1938இல் ஓவன்ஸ்-கோணிங் நிறுவனம் தோன்றிற்று. இதே காலப்பகுதியில் எலிஸ் என்னும் இரசாயனவியலாளரின் ஆய்வுகளால், பேரமுக்கம் இன்றிச் சாதாரண வெப்பநிலையிலேயே இறுகவல்ல பொலியெசுத்தர்ப் பிசின் வகைகள் வளர்ச்சியுற்றன. இவ்விரண்டும் சந்தித்தமையே திருப்புமுனை எனலாம். 1942ஆம் ஆண்டளவில் ஒகையோ மாநிலத்தில் ரே கிறீன் என்பார் கண்ணாடி இழையாலும் பொலியெசுத்தராலும் சிறு படகொன்றைச் செய்தார். போர்க்காலத்தில் விமானங்களின் றேடார்க் கூடுகள் இப்பொருளால் ஆயின. 1953இல் இதே பொருளாலான உடலுடன் கோர்வெற் என்னும் மோட்டார் வண்டி வெளிவந்தது.

இவ்வுற்பத்தியின் அடிப்படையான முறை, கையால் படையிடும் முறையாகும். முதலில் செய்யவேண்டிய வடிவத்துக்கு அச்சொன்று அமைக்கப்படும். செய்பொருள் அச்சில் ஒட்டிக்கொள்ளாதிருக்க அச்சின் மேற்பரப்பு மெழுகிட்டு மினுக்கப்படும். அதன்மேல் நிறம் கலந்த பிசின் ஒரு மெல்லிய பூச்சாகப் பூசப்படும். பின்னர் வெளிப்புறமாக அமைந்து கடல்நீரையும் வெயிலையும் எதிர்கொள்வது இப்பூச்சே. அது பாதி இறுகிய நிலையில் துண்டிழைகளைப் பாய்போலப் பரப்பிய விரிப்பு இடப்படும். தூரிகையால் பிசின் ஊட்டி, உருளையால் அழுத்தி, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் வெளியேற்றப்படும். இவ்வாறு படைமேற் படை இட்டு, இறுகியபின் அச்சிலிருந்து பிரித்து, ஓரம் வெட்டிச் செப்பனிடுவர்.

எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் பிழைக்கும் இடங்கள் பல. பிசினை இறுகச் செய்யும் பேரொட்சைட்டு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே சேர்க்கப்படுவது. வெப்பம் மிகுந்த நாளில் சற்றுக் கூடினால், படை முற்றாக நனையுமுன்னரே பிசின் கட்டியாகிவிடும். குறைந்தால் முற்றாக இறுகாது. ஈரலிப்பான காற்றும் ஈரம் பிடித்த இழையும் பிணைப்பைக் கெடுக்கும். பிசின் குறைந்த இடத்தில் இழை உலர்ந்து நிற்கும். பிசின் மிகுந்த இடம் பாரமாகி நொறுங்கும் தன்மை பெறும். காற்றுக் குமிழி தங்கிய இடத்தில் நீர் புகும். இவையாவும் மேற்பூச்சின் பளபளப்பின் கீழ் மறைந்துவிடுகின்றன. மரப்படகைத் தட்டியும் தடவியும் மதிப்பிடும் அனுபவக் கண்ணுக்கு இங்கு வேலை அரிது.

இம்முறையின் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். பெருங்கொதிகலனோ பாரிய அழுத்தியோ இதற்கு வேண்டா. அச்சும் தூரிகையும் உருளையும் பயின்ற கைகளும் போதும். மூலதனம் குறைந்த நாடுகளுக்கு இம்முறை விரைந்து பரவியமைக்குக் காரணம் இதுவே. தட்டுப்பாட்டிலிருந்து பிறந்த மற்றொரு கூட்டுப்பொருளும் இங்கு நினைக்கத்தக்கது. உருக்குக் கிடைத்தற்கரிதாயிருந்த கிழக்கு ஜேர்மனி, பீனோல் பிசினுடன் சோவியத் ஒன்றியத்திலிருந்து பெற்ற பருத்திக் கழிவை அழுத்தித் திராபந்து மோட்டார் வண்டியின் உடற்றகடுகளைச் செய்தது. 1957 முதல் 1991 வரை ஏறத்தாழ முப்பது இலட்சம் வண்டிகள் இவ்வாறு உருவாயின. பரிகாசத்துக்கு உள்ளான வண்டியாயினும், இல்லாமையினுள்ளும் ஒரு வழியைக் கண்ட முயற்சி அது.

காபன் இழையும் ஒரு வீழ்ச்சியும்

1879இல் எடிசன் நூலையும் பின்னர் மூங்கிலையும் காற்றில்லாது கருக்கி மின்விளக்குக்கு இழை செய்தார். அதுவும் காபன் இழையே, ஆனால் வலிமையற்றது. 1958இல் அமெரிக்கரான றொஜர் பேக்கன் வலிமைமிக்க காபன் நுண்ணிழைகளை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். 1960களின் தொடக்கத்தில் யப்பானின் ஒசாக்கா நகரில் சிந்தோ என்பார் பொலியக்கிரிலோநைத்திரைல் என்னும் செயற்கை இழையைக் கருக்கிக் காபன் இழை பெறலாமெனக் காட்டினார். இங்கிலாந்தின் பான்பரோ ஆய்வு நிலையத்தில் வாட், பிலிப்ஸ், ஜோன்சன் ஆகியோர், சூடாக்கும்போது இழையைச் சுருங்கவிடாது பிடித்துவைத்தால் அதன் உறுதி பெருமளவு கூடும் என்பதைக் கண்டனர்.

இப்புதுப்பொருளின்மீது பெருநம்பிக்கை வைத்தது ரோல்ஸ்-ரோய்ஸ் நிறுவனம். தன் ஆர்பி-211 விமான எந்திரத்தின் முன் விசிறி அலகுகளைக் காபன் இழைக் கூட்டுப்பொருளால் செய்ய அது முனைந்தது. பறவை மோதினால் என்னாகும் என அறியும் பொருட்டு 1970இல் நடத்திய சோதனையில், எறியப்பட்ட கோழியின் மோதலை அவ்வலகுகள் தாங்கவில்லை. தைத்தேனிய உலோகத்துக்கு மாறவேண்டியதாயிற்று. செலவுகள் பெருகிய நிலையில் 1971 பெப்ரவரி 4இல் நிறுவனம் முறிந்து, அரசுடைமையாயிற்று. வீழ்ச்சிக்குக் காரணம் இவ்வலகு மட்டுமன்று. எனினும் இழைவழியே இழுத்து அளந்த வலிமையைக் கொண்டு குறுக்கே விழும் அடியை மதிப்பிட முடியாதென்ற பாடத்தை இந்நிகழ்ச்சி புகட்டிற்று. 1995இல் சேவைக்கு வந்த ஜீஈ-90 எந்திரத்தில் காபன் இழை அலகுகள் வெற்றிகண்டன. அவற்றின் முன்விளிம்பில் தைத்தேனியம் பொருத்தப்பட்டிருந்தது.

பின்னைய தசாப்தங்களில் உற்பத்தி முறை படிப்படியாக இயந்திரத்தின் வசமாயிற்று. பிசின் ஏலவே ஊட்டப்பட்டுக் குளிரில் பேணிய இழைத்தகடுகளை அச்சில் அடுக்கி, மேலே உறையிட்டுக் காற்றை உறிஞ்சி, வெப்பமும் அமுக்கமும் கொண்ட மூடிய கலத்தில் இறுகச் செய்தனர். சுழலும் அச்சின்மேல் இழையைச் சுற்றிக் குழாய்களும் தாங்கிகளும் செய்தனர். 2009 டிசெம்பர் 15இல் முதன்முறை பறந்த போயிங்-787 விமானத்தின் அமைப்பில், நிறையளவில் ஏறத்தாழ அரைப்பங்கு கூட்டுப்பொருளாகும். உலோகத் தகடுகளைத் தறைந்து இணைத்த உடலுக்குப் பதிலாக, இயந்திரம் நாடாநாடாகச் சுற்றிய முழுக்குழாய்ப் பகுதிகள் அதில் இணைக்கப்பட்டன. கையின் பிழையை இயந்திரம் குறைத்தது; இல்லாதொழிக்கவில்லை. 2023 யூன் 18இல் தைத்தானிக் கப்பலின் சிதைவைக் காணச்சென்ற தைத்தன் என்னும் நீர்மூழ்கி நொறுங்கி ஐவர் உயிரிழந்தனர். அதன் காபன் இழை உடற்பகுதியை ஆராய்ந்தோர் படைகளில் மடிப்புகளையும் வெற்றிடங்களையும் கண்டனர்.

இலங்கையின் அனுபவம்

உலகளாவிய இவ்வரலாறு இலங்கையின் கரைகளையும் தொட்டது. மரக்கலம் கட்டும் மரபு வடகரையில் ஆழமானது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் ஐக்கிய அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தமை அம்மரபின் புகழ்பெற்ற சான்றாகும். மரத்தின் வைரத்தையும் வளைவையும் கண்ணால் அளந்த ஓடாவிமாரின் அறிவே அக்கலங்களின் ஆதாரம்.

1967இல் நோர்வே நாட்டு உதவியுடன் காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனம், கண்ணாடி இழைப் படகு உற்பத்தியை வடபகுதிக் கடற்றொழிலுடன் இணைத்தது. குருநகரிற் பிறந்து நோர்வேயிற் குடியேறிய அன்ரனி இராஜேந்திரம் அம்முயற்சியின் முன்னோடியாவார். மக்கள் வழக்கில் பைபர் படகு எனப்படும் இக்கலம் மரத்தைப்போல் உளுப்பதில்லை, கடற்புழுவுக்கு இரையாவதில்லை. இலேசானதாகையால் கரையில் இழுத்து வைத்தலும் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பொருத்துதலும் எளிது. ஓர் அச்சிலிருந்து ஒரேவகைப் படகுகள் பல பிறந்தன. பின்னாளில் உள்நாட்டுப் போர் காரைநகர் வேலைத்தலத்தை முடக்கியபோது, கட்டடமும் கருவியும் மட்டுமன்றி, பயின்ற கைகளின் தொடர்ச்சியும் அறுந்தது.

தொழிலறிவின் தொடர்ச்சி எத்துணை இன்றியமையாதது என்பதை 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை உணர்த்திற்று. இலங்கைக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான படகுகள் ஒரே காலையில் அழிந்தன. உலகெங்குமிருந்து உதவி குவிந்தது. படகுகள் விரைந்து வேண்டப்பட்டன. முன்னனுபவமற்ற வேலைத்தலங்கள் புதிதாகத் தோன்றின. அவ்வாறு கட்டிய படகுகளுட் பல, தடிப்புக் குறைந்தும் படைகள் சரிவரப் பிணையாதும் கடலுக்கு ஒவ்வாதனவாயிருந்தமையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் சுட்டிக்காட்டி, படகு கட்டுவோருக்குப் பயிற்சிகளையும் வழிகாட்டி நூல்களையும் வழங்க முற்பட்டது. வண்ணப்பூச்சு எல்லாவற்றிலும் ஒன்றேயாயிருந்தது. புகைப்படத்தில் நல்ல படகும் தீய படகும் வேறுபடவில்லை. ஒரு முறை கடலிடம் உறவினரையும் உடைமையையும் இழந்தவர்கள், அக்கடலுக்கே மீண்டும் செல்லும்போது நம்பிச்சென்றது அறியாத ஒருவனின் உருளை ஓடிய படையை.

இத்தொழில் வேறொரு சார்பு நிலையையும் கொண்டுவந்தது. மரம் அயற்காட்டில் வளர்ந்தது. ஓடாவியின் உளி உள்ளூர்க் கொல்லன் அடித்தது. கண்ணாடி இழையும் பிசினும் பெரிதும் கடல்கடந்து வருவன. எண்ணெய் விலையின் ஏற்றமும் அந்நியச் செலாவணியின் தட்டுப்பாடும் காரைநகர் முதல் நீர்கொழும்பு வரை ஒரு படகின் விலையில் எதிரொலிக்கும். கருவி எளிதாயினும் மூலப்பொருள் தன்வசமில்லாத தொழிலின் நிலை இது.

உழைப்போனும் எஞ்சுவதும்

படகிற் செல்வோனின் பாதுகாப்பைப் பேசுமிடத்து, படகைச் செய்வோனின் நலனை மறத்தலாகாது. பொலியெசுத்தர்ப் பிசினிலிருந்து எழும் ஸ்ரைரீன் ஆவி கண்ணையும் சுவாசத்தையும் தாக்கும். நீண்டகாலம் சுவாசிப்பின் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். இறுகிய பகுதியை வெட்டித் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் ஏறி அரிப்பைத் தரும். பேரொட்சைட்டையும் விரைவூட்டியாகிய கோபாற்றுச் சேர்வையையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். காற்றோட்டமும் கையுறையும் முகமூடியும் செலவெனக் கருதப்படும் வேலைத்தலத்தில் இலாபத்தின் ஒரு பங்கு தொழிலாளியின் நுரையீரலிலிருந்தே பெறப்படுகின்றது.

முடிவில் எஞ்சும் சிக்கல் கழிவாகும். உலோகத்தை உருக்கி மீண்டும் வார்க்கலாம், மரம் மக்கும். இறுகிய பிசினோ உருகுவதில்லை, மக்குவதுமில்லை. இழையை அதனின்று பிரித்தலும் கடினம். ஐக்கிய அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக் காஸ்பர் நகரில் பயன்முடிந்த காற்றாலை இறகுகள் துண்டுகளாக்கி மண்ணிற் புதைக்கப்பட்டன. 2020 டிசெம்பரில் மன்னார்த் தீவில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்னிலையத்தின் 30 காற்றாலைகள் சுழற்றுவதும் ஏறத்தாழ 60 மீற்றர் நீளமான கூட்டுப்பொருள் இறகுகளையே. காற்றிலிருந்து மின் பெறுவது நன்று. அவ்விறகுகளின் ஆயுள் முடியும் நாளில் அவற்றை எங்கே வைப்பது என்னும் வினாவுக்கும் இப்பொழுதே விடை தேடுதல் வேண்டும். கரையோரங்களில் உடைந்து கிடக்கும் பழைய பைபர் படகுகள் அவ்வினாவைச் சிறிய அளவில் ஏலவே எழுப்பிவிட்டன.

முடிவுரை

வைக்கோல் மிதித்த மண்ணிலிருந்து இயந்திரம் சுற்றிய விமான உடல்வரை நீளும் இவ்வரலாற்றில் இழைகளும் பிசின்களும் மாறியுள்ளன, அடிப்படை மாறவில்லை. வலிமை தனிப்பொருளில் இல்லை. இரண்டு பொருள்கள் பற்றிக்கொள்ளும் எல்லையில் உள்ளது. அவ்வெல்லையோ கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆதலால், இத்தொழிலில் நல்ல பயிற்சியும், ஒழுங்கான மேற்பார்வையும், தொழிலாளிக்குரிய நியாயமான நேரமும் கூலியும் பாதுகாப்பும் பண்டத்துக்குப் புறம்பானவையல்ல. வில்செய்தோன் பசை உலரக் காத்திருந்த மாதங்கள் வில்லின் ஒரு பகுதியாயிருந்தவாறே, அவையும் பண்டத்தின் பகுதியே. விரைவையும் மலிவையும் மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் உற்பத்தி, முதலிற் குறைப்பது கண்ணுக்குப் புலனாகாத அப்பகுதியையே.

சிறிய தீவொன்றின் கடற்றொழில், போக்குவரத்து, மின்னுற்பத்தி ஆகியன இப்பொருள்களை மேலும் மேலும் நாடும் காலம் இது. தும்பும் வாழைநாரும் மலிந்த இந்நாட்டில், அவற்றைச் சுமை குறைந்த பண்டங்களுக்கேனும் வலுவூட்டும் இழையாகப் பயன்படுத்தும் ஆய்வுகளுக்கு இடமுண்டு. அதனினும் முதன்மையானது, இத்தொழிலின் அறிவு ஒரு வேலைத்தலம் அழிந்ததும் அதனோடு அழிந்துபோகாதவாறு தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் கடற்றொழிற் கிராமங்களிலும் பேணப்படுவதாகும். அதிகாலையில் கடல்நோக்கித் தள்ளப்படும் ஒவ்வொரு படகிலும், அதன் பலகையின் கீழே, யாரோ ஒரு தொழிலாளி குமிழி நீங்கும்வரை உருளையை ஓட்டினானா என்பது எழுதப்பட்டிருக்கின்றது. அவ்வெழுத்தை அலை வாசிக்குமுன் மனிதர் வாசிக்கக் கற்றல் வேண்டும்.